ரெண்டு தண்ணி

கடலுக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டி, வாயிலிருந்த காற்றுக்குழாய் ரப்பரைத் துப்பிவிட்டு, அவர் என்னைப் பார்த்து முதன்முதலாகச் சொன்னது, “ரெண்டு தண்ணி.”

அன்றுதான் நான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். திருவொற்றியூரில் பதினான்கு வருடம் மெக்கானிக்காக இருந்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். துறைமுகத்தில் முக்குளிப்பு வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்பவர் ஒருவரிடம், கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. படகில் எனக்கு இரண்டு பொறுப்பு. தண்ணீருக்குள் இருப்பவருக்குக் காற்று அனுப்பும் கம்ப்ரசர் நிற்காமல் ஓட வேண்டும். அவர் மணிக்கட்டில் கட்டிய கயிற்றின் மறுமுனை என் கையை விட்டுப் போகக்கூடாது.

குடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். தண்ணீர் பாக்கெட் இரண்டைக் கடித்துக் கிழித்து நீட்டினேன். ஏணியில் தொங்கியபடியே ஒன்றைக் குடித்தார். இன்னொன்றையும் குடித்தார். மறுபடி ரப்பரை வாயில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

மத்தியானம் சாப்பிடும்போதுதான் விஷயம் தெரிந்தது.

“மேல ஒரு தண்ணி கீது மாமு. சூடு. ரெண்டாள் ஒசரம் கீழ போனா வேற தண்ணி. ஜில்லுனு. நடுவுல கோடு போட்டா மாதிரி கீது. அத்த சொன்னேன்.”

“அப்போ பாக்கெட்டு ரெண்டையும் எதுக்கு குட்ச்சீங்க?”

“நீ குடுத்தியே.”

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. துறைமுகத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. நான் “அண்ணாத்த” என்பேன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். குள்ளம், அகலமான மார்பு. இடது காது கேட்காது என்பதால் எப்போதும் அவருக்கு வலப்பக்கமாக உட்கார வேண்டும். கப்பலின் அடியிலும் படகுத்துறையின் தூண்களிலும் ஒட்டியிருக்கும் சிப்பிகளைச் சுரண்டி எடுப்பதுதான் எங்கள் முக்கியமான வேலை. ராயபுரம் பக்கத்திலும் எண்ணூரிலும் மாறி மாறி இருக்கும். பதினோரு வருடம் நான் அவருடைய கயிற்றைப் பிடித்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. இன்றுவரை தெரியாது.

மேலே வந்ததும் கீழே தண்ணீர் எப்படி இருந்தது என்று சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. தலையைத் துவட்டுவதற்கு முன், வேலை முடிந்ததா என்று சொல்வதற்கு முன், அதைத்தான் சொல்வார். “ஒரே தண்ணி.” “ரெண்டு தண்ணி.” “கீழ்தண்ணி ஏறிக்கினு கீது.” என்னிடம் மட்டும் அல்ல. டீ கொண்டுவருபவரிடம் சொல்வார். கேட்டில் பாஸ் பார்க்கும் காவலரிடம் சொல்வார். அவர்கள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். ஒப்பந்தக்காரரின் மகள் கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தோம். புது வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வந்திருந்தார். ஒப்பந்தக்காரர் எங்கள் பக்கம் வந்து, “சாப்ட்டீங்களாபா?” என்று கேட்டார். “மூணு நாளா கீழ்தண்ணி மேல வந்துக்கினே கீதுங்க” என்றார் இவர். பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் மெல்ல எழுந்து வேறு வரிசைக்குப் போனார். ஒப்பந்தக்காரர் என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன்.

மற்ற விஷயங்களில் அவருக்குப் பேச வராது. மனைவி இறந்து ரொம்ப நாளாயிற்று என்பது மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரே மகள். மனைவியின் அக்கா வீட்டில், புழலில் வளர்ந்தாள், அங்கேயே கல்யாணமும் ஆயிற்று. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போவார். திங்கட்கிழமை படகில் ஏறும்போது நான் கேட்பேன்.

“பொண்ணு இன்னா சொல்லுது அண்ணாத்த?”

“நல்லா கீது.”

“இன்னா பேசுனீங்க?”

கொஞ்சம் யோசிப்பார். “அதாண்ட இன்னா பேசறதுனே தெர்ல மாமு. தண்ணிய பத்தி சொன்னேன். போன பாத்துக்கினே ‘ம்’ கொட்டுச்சு.”

எனக்கும் முதல் இரண்டு வருடம் அது வெறும் பேச்சுதான். பிறகு எப்போது நான் காதுகொடுக்கத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. வெயில் காலத்தில், வெள்ளைவெளேரென்று கடல் அசையாமல் கிடக்கும் சித்திரை, வைகாசியில், மேல்தண்ணி குளியலறை வெந்நீர் மாதிரி இருக்கிறது என்பார். ஆனி, ஆடியில் கரையிலிருந்து காற்று கடலைப் பார்த்து அடிக்கத் தொடங்கும். வெளியே நமக்குப் புழுதியும் வியர்வையும். உள்ளே இறங்கியவர் அரை மணியில் பல் கிட்டி ஏறி வருவார். “அடீலேர்ந்து வருது மாமு, ஐஸு. பச்சையா கீது, ஒண்ணியும் தெர்ல.” ஐப்பசியில் மழை. கார்த்திகையில் புயல் ஒன்று போனால் அடுத்த நாள், “கலக்கிட்டான். மேல கீழ இல்ல. ஒரே தண்ணி” என்பார். இதைச் சொல்லும்போது குரலில் ஒரு ஏமாற்றம் இருக்கும். தினம் போகும் தெருவில் வீடுகளையெல்லாம் இடித்துவிட்டதைச் சொல்பவர் மாதிரி.

அவர் சொன்னதை ஒருவர் காகிதத்தில் எழுதிக்கொண்ட காலமும் இருந்தது. இரண்டு வருடம்.

கடல் ஆராய்ச்சி அலுவலகம் ஒன்றிலிருந்து ஒரு மேடம் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். கரையோரக் கடலின் சூடு மாதத்துக்கு மாதம் எப்படி மாறுகிறது, மேல்தண்ணீரும் கீழ்தண்ணீரும் எப்போது கலக்கின்றன, எப்போது பிரிந்து நிற்கின்றன என்று பார்ப்பது அவர் வேலை. கட்டைவிரல் தடிமனில் மூன்று கருவிகள் கொண்டுவந்தார். எண்ணூர்ப் பக்கம் ஒரு தூணில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று கட்ட வேண்டும். மாதம் ஒருமுறை கழற்றி மேலே கொண்டுவந்தால், அதுவரை பதிந்திருக்கும் சூட்டைத் தன் கணினியில் இறக்கிக்கொள்வார். கட்டுவது, கழற்றுவது எல்லாம் அண்ணாத்ததான்.

முதல் மாதம் கழற்றிய கருவிகளை மேடத்தின் கையில் கொடுத்தபோதே அண்ணாத்த ஒப்பிக்கத் தொடங்கிவிட்டார். “ஆரம்பத்துல ரெண்டு தண்ணிங்க. பாதி மாசத்துல ஒரு மூணு நாளு கீழ்தண்ணி ஏறி மேல வந்துச்சு. அப்பறம் எறங்கிச்சு.” மேடம் சிரித்துக்கொண்டே கணினியைத் திறந்தார். மூன்று கோடுகள் வந்தன. மாதத்தின் நடுவே மூன்றும் ஒன்றாகச் சரிந்து கீழே போய், மறுபடி பிரிந்து ஏறின. மேடம் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

அதன்பிறகு ஒரு வழக்கம் வந்தது. கணினியை மூடி மடியில் வைத்துக்கொண்டு, “முதல்ல நீங்க சொல்லுங்க சார்” என்பார். இவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொள்வார். அப்புறம்தான் திறப்பார். அவரைத் துறைமுகத்தில் “சார்” என்று அழைத்தது அந்த அம்மா ஒருவர்தான். மேடம் வரும் நாளில் அண்ணாத்த முகச்சவரம் செய்துகொண்டு வருவதை நான் கவனித்தேன். கேலி செய்யவில்லை. கேலி செய்தால் நிறுத்திவிடுவார் என்று தோன்றியது.

அந்த மேடம்தான் ஒருநாள் கரைக்காற்றைப் பற்றிச் சொன்னார். “தெற்கேர்ந்தும் மேற்கேர்ந்தும் அடிக்கற காத்து மேல்தண்ணிய கரைய விட்டு வெளிய தள்ளிடுது சார். அந்த எடத்த நிரப்பத்தான் கீழ இருக்கற குளிர்ந்த தண்ணி மேல வருது.”

இவர் ரொம்ப நேரம் யோசித்தார். “அப்டியா? நான் கீழேர்ந்து எதுவோ தள்ளுதுன்னு நெனிச்சுக்கினு இருந்தேன். மேல எடம் காலியாவுறதாலதான் வருதா?”

“ஆமா சார்.”

“பாவம்” என்றார். யாரைச் சொன்னார் என்று நாங்கள் இருவரும் கேட்கவில்லை.

ஒரு மார்கழியில் அவர்களுக்குள் ஒரு மனத்தாங்கல் வந்தது. கோடுகளைப் பார்த்துவிட்டு மேடம் நெற்றியைச் சுருக்கினார். மேல் கருவி குறைந்த சூடு காட்டியது. அடிக்கருவி அதைவிட அதிகம் காட்டியது.

“சார், மேல கட்ட வேண்டியத கீழயும், கீழ கட்ட வேண்டியத மேலயும் மாத்திக் கட்டிட்டீங்களா?”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “மாத்தலிங்க.”

“இல்ல, மேல தண்ணி குளிர்ந்தா கனமாகி கீழ போயிடணும். இப்படி நிக்காதே.”

“மயத்தண்ணிங்க அது. ஆத்துத்தண்ணியும் வந்து மேல பட்துக்கினு கீது. உப்பு கம்மி, லேசு. குளுந்து போனாலும் மேலதான் நிக்குது. கீழ கீற உப்புத்தண்ணி ஐப்பசி சூட்ட அப்டியே வெச்சுக்கினு கீது. வருசா வருசம் இப்டித்தான். நான் தெனிக்கும் அதுல எறங்குறேன்.”

மேடம் மறுபடி கோடுகளைப் பார்த்தார். இவர் மறுபடி இறங்கி, இரண்டு புட்டிகளில் மேல்தண்ணீரும் அடித்தண்ணீரும் பிடித்துவந்து மேடத்தின் காலடியில் வைத்தார். மறுநாள் காலை என் போன் அடித்தது. மேடம். அவரிடம் கொடுக்கச் சொன்னார். அவருடைய நல்ல காதில் வைத்தேன். எனக்கும் கேட்டது. “உப்ப அளந்து பாத்துட்டேன். நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் அவசரப்பட்டுட்டேன் சார், மன்னிச்சுக்கங்க.”

அவர் போனைத் திருப்பித் தந்துவிட்டு, கயிற்றைச் சுருட்டுவது மாதிரி ரொம்ப நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

இரண்டு வருடம் முடிந்ததும் அந்த வேலை நின்றுவிட்டது. கடைசி மாதம் வேறொருவர் வந்து, மூன்று கருவிகளையும் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். இவர் சொல்லத் தயாராக நின்றுகொண்டிருந்தார். வந்தவர் கையெழுத்து வாங்குவதில் இருந்தார்.

“மேடம் வர்லீங்களா?”

“வேற ஊருக்கு மாத்தலாயிட்டாங்க. இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க.”

சுருட்டிய காகிதம். இரண்டு வருடத்துச் சூடும் மூன்று நிறக் கோடுகளாக அதில் இருந்தது. பிறகொரு முறை அண்ணாத்தவின் அறைக்குப் போயிருந்தேன். திருவொற்றியூரில் கடலோரச் சந்து ஒன்றில் ஒற்றை அறை. கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் அந்தக் காகிதத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தார். வேறு படமோ காலண்டரோ இல்லை. அவரிடம் மேடத்தின் போன் நம்பர் இருந்தது. அவர் ஒருமுறையும் கூப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். கூப்பிட என் போன்தான் வேண்டும்.

அதற்கடுத்த வருடம் ஒரு மாற்றத்தைப் பார்த்தேன். இறங்கும் முன் அவர் எப்போதும் ஏணியில் குனிந்து, கையைக் கடலில் விட்டு ஒரு நிமிடம் வைத்திருப்பார். அதை விட்டுவிட்டார். அதற்குப் பதில் தண்ணீரை அள்ளிக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பிறகு கண்ணை மூடி முகத்தையே அதில் அமிழ்த்தத் தொடங்கினார். வயதாகிறது, புதுப் பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

எங்களுக்குள் கயிற்றுப் பாஷை ஒன்று உண்டு. நான் ஒருமுறை இழுத்தால், நலமா என்று கேட்கிறேன். அவர் ஒருமுறை இழுத்தால், நலம். நான் நாலு முறை இழுத்தால், வேலையைப் போட்டுவிட்டு உடனே மேலே வர வேண்டும்.

ஆவணி மாதம் ஒரு முற்பகல். அவர் ஒரு தூணுக்கு அடியில் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்துத் துறையில் கட்டியிருந்த பெரிய மிதவை ஒன்று, கயிறு அறுந்து மெல்ல எங்கள் பக்கம் திரும்பியது. கரையிலிருந்தவர்கள் கத்தினார்கள். மிதவைக்கும் தூணுக்கும் நடுவில் அவர் மேலே வந்தால் நசுங்கிப்போவார். அதற்குள் அவரை இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும். நாலு முறை இழுத்தேன். பதில் இல்லை. மறுபடி நாலு. பதில் இல்லை. காற்றுக்குமிழிகள் மட்டும் அமைதியாக வந்துகொண்டிருந்தன. உள்ளே மனிதர் நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருக்கிறார். என் இழுப்பு அவருக்குப் போய்ச் சேரவில்லை.

காலைப் படகின் விளிம்பில் முட்டுக்கொடுத்து, கிணற்றில் வாளி இழுப்பதுபோல அவரை இழுத்தேன். முகமூடி சாய்ந்து, இருமிக்கொண்டு வந்து விழுந்தார். மிதவை தூணில் இடித்த சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.

“இன்னாத்துக்கு இப்டி இஸ்துக்கினு கீற? கை பேந்து பூட்ச்சு!”

நான் மிதவையைக் காட்டினேன். பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“நாலு நாலா எட்டு வாட்டி இஸ்தேன் அண்ணாத்த. ஏன் வர்ல?”

தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சுகரு மாமு. ஒன்ற வருசமாவுது. மொதல்ல கால்ல தெர்ல. இப்ப கையும் பூட்ச்சு. கயிறு கட்டிக்கீறதே தெர்ல.” கன்னத்தைத் தொட்டுக் காட்டி, “மூஞ்சில தெரியுது. அத்த வெச்சுதான் ஓட்டிக்கினு கீறேன்” என்றார்.

“இத்த சொல்ல வேணாமா?”

“சொன்னா எறக்க மாட்டாங்க.”

மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். சாப்பிடும்போது சாப்பிடுகிறேன் என்றார். யாரிடமும் சொல்லாதே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பேனோ என்னவோ. சட்டையைக் கழற்றித் தோளுக்குக் கீழே, கையின் சதையைத் தட்டிக் காட்டினார். “இங்க கட்டு. இங்க நல்லா தெரியுது.” கட்டினேன். ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். அவர் பதிலுக்கு இழுத்தார். சிரித்தோம். அந்தச் சிரிப்புதான் என்னையும் அதில் சேர்த்துவிட்டது.

நாலு மாதம் அப்படி ஓட்டினோம். கயிற்றைத் தோளில் கட்டுவதை யாராவது கேட்டால், மணிக்கட்டில் புண் என்று நான்தான் சொன்னேன். அவர் இறங்கியிருக்கும்போது நிமிடத்துக்கு ஒருமுறை கயிற்றை இழுத்து நலமா என்று கேட்டேன். அவர் மேலே வந்து, தண்ணீர் எப்படி என்று எப்போதும்போல் சொல்வார். சொன்னதெல்லாம் சரியாகவே இருந்திருக்கும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஒரு புயல் கரையைக் கடந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கொசஸ்தலை ஆறு அடித்துக்கொண்டு வந்ததெல்லாம் துறையடியில் கிடந்தது, டயர், மரம், கம்பி. தினம் இறங்கி எடுக்க வேண்டும். அன்று காலை முதல் முழுக்கு முடிந்து, படகில் கம்ப்ரசர் பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

“மொத்தமா கலக்கிட்டான் மாமு. அடி வரிக்கும் ஒரே சூடு. ஆனா பாரு, இன்னிக்கி மேல லேசா ஒண்ணு பிரியுது. ஒரு சாண் இருக்கும், அவ்ளோதான். புதுசா ஒரு தண்ணி உண்டாவுது...”

ஏதோ கருகும் வாடை வந்தது. ரப்பர் வாடை என்று நினைத்து ஓஸைத் தடவிப் பார்த்தேன். பெல்ட்டைப் பார்த்தேன். பிறகு கீழே பார்த்தேன். அவருடைய வலது பாதம் கம்ப்ரசரின் புகைக்குழாய் மேல் இருந்தது. எவ்வளவு நேரமாக இருந்தது என்று தெரியாது. அவர் கையால் சாணை அளந்து காட்டிப் பேசிக்கொண்டே இருந்தார்.

காலைப் பிடித்து இழுத்தேன். உள்ளங்கால் தோல் குழாயோடு போயிற்று. அவர் முகத்தில் வலி இல்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் என்னவென்று புரிந்துகொண்டார்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, அவரை அறையில் விட்டுவிட்டு, நான் நேராக ஒப்பந்தக்காரரின் அலுவலகத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். நாலு மாதமாக மறைத்ததையும் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. “இனிமே எறக்க முடியாதுபா. எதுனா ஆச்சுன்னா நான் பதில் சொல்லணும். தண்டையார்பேட்ட குடோன்ல வாட்ச்மேன் வேல கீது, வரச் சொல்லு” என்றார்.

இரண்டு நாள் கழித்து அண்ணாத்தவின் அறைக்குப் போனேன். அதற்குள் ஒப்பந்தக்காரர் ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார். கட்டுப்போட்ட காலைக் கட்டில் மேல் நீட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் அவருக்கு வலப்பக்கமாகப் போய் உட்கார்ந்தேன்.

“நான்தான் சொன்னேன் அண்ணாத்த.”

“தெரியும்.”

“உள்ள எதுனா ஆயிருந்தா...”

“நீ செஞ்சது கரெக்ட்டுதான் மாமு. நான் ஒண்ணியும் சொல்ல மாட்டேன்.” பிறகு சொன்னார். “ஆனா என்னாண்ட ஒரு வார்த்த சொல்ட்டு போய் சொல்லிருக்கலாம். பதினோரு வருசம்.”

நான் எழுந்து வந்தேன்.

குடோன் வேலைக்கு அவர் போகவில்லை. புண் ஆறாமல் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள் என்றும், மகள் வந்து புழலுக்கு அழைத்துப் போய்விட்டாள் என்றும் டீக்காரர் சொன்னார். சந்தில் இருந்த அறைக்கு வேறு குடித்தனம் வந்தது.

எங்கள் படகுக்குக் கேரளாவிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல வேலைக்காரர். முழு முகமூடி, அதற்குள்ளேயே பேசும் மைக், என் காதில் ஒரு கருவி. கயிற்றை இழுத்துக் கேட்கவேண்டிய அவசியம் இல்லை. கீழேயிருந்து மூச்சுச் சத்தம்கூடக் கேட்கும். மேலே வந்தால் தலையைத் துவட்டிக்கொண்டு போனைப் பார்ப்பார். ஒருநாள் நானே கேட்டேன், தண்ணீர் எப்படி இருக்கிறது என்று. “தண்ணி மாதிரி இருக்கு சேட்டா” என்றார். அன்று எனக்கு வேலையில் மனம் ஓடவில்லை. துறைமுகத்தில் இவ்வளவு பேர் இருக்கிறார்கள், இவ்வளவு சத்தம் இருக்கிறது, எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை என்று தோன்றியது. அவருக்கு அத்தனை வருடமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

புழலுக்குப் போக எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. பஸ் நம்பர் எல்லாம் தெரியும். போகவில்லை. ஒரு மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்பிப் போனேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று, கேரளாக்காரரிடம் நச்சரித்து, கடல் எப்படி இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொண்டேன். மேலே தெளிந்திருக்கிறது, அடியில் இன்னும் கொஞ்சம் சூடு என்று அரைமனதாகச் சொன்னார். பஸ்ஸில் அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மகள் கதவைத் திறந்தாள். “சித்தப்பா, நீங்களா? வாங்க.” உள்ளே போகும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “பேசவே மாட்டேங்குது சித்தப்பா. இன்னா கேட்டாலும் நல்லா கீறேன்னு சொல்லுது. கால காட்டுன்னா காட்டாது.”

ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். மார்பின் அகலம் போய்விட்டிருந்தது. சட்டை தொங்கியது. என்னைப் பார்த்ததும், “வா மாமு, குந்து” என்றார். நான் மாதம் ஒருமுறை வந்துபோகிறவன் மாதிரி. உட்கார்ந்தேன். மகள் டீ போடப் போனாள்.

“அண்ணாத்த, இப்போ எண்ணூராண்ட தண்ணி...” என்று தொடங்கினேன்.

கையை உயர்த்தினார். “வேணாம்.”

கோபம் இல்லை. கதவைச் சாத்துவதுபோல் மெதுவாகச் சொன்னார். நான் கொண்டுபோனது அவ்வளவுதான். அதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போது அவர் வலது காலை மெல்ல முன்னால் நகர்த்தினார்.

“டாக்டரு தெனம் கால தொட்டு பாக்க சொல்லிக்கீறாரு. சூடா இருந்தா சீ புடிக்குதாம். ஜில்லுனு ஆய்ட்டா ரத்தம் வர்லியாம். கைக்குத் தெர்ல. மூஞ்சிய அதாண்ட கொண்டு போவ முடியாது.” சிரிக்கப் பார்த்தார். “பொண்ணாண்ட கேக்க எனுக்கு வாய் வர்ல. நீ பாத்து சொல்லு.”

நான் தரையில் உட்கார்ந்து அந்தப் பாதத்தை இரண்டு கையிலும் எடுத்தேன். வெளியே வெயில். அறைக்குள் புழுக்கம். பாதம் குழாய்த் தண்ணீரில் கிடந்த கல்லைப்போல இருந்தது. நிறமும் சரியில்லை.

“ஜில்லுனு கீது அண்ணாத்த.”

“ரொம்பவா?”

“ரொம்ப.”

அவர் தலையை ஆட்டினார். “டபாய்க்காம சொன்ன பாரு” என்றார். பிறகு, “கைய எடுக்காத. கொஞ்ச நேரம் வெச்சுக்கினு இரு.”

வைத்துக்கொண்டிருந்தேன். மகள் டீயோடு வந்து, எங்களைப் பார்த்து, வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். அவளிடம் சொல்லட்டுமா என்று நான் அவரைக் கேட்டேன். சொல்லு என்றார். சொன்னேன். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஆட்டோ கூப்பிட ஓடினாள்.

அந்தக் காலைக் காப்பாற்ற முடியவில்லை. அடுத்த ஆடிக்குள் அவரும் போய்விட்டார். அன்று ஆட்டோவில் போன மூன்று பேருக்கும் அது தெரியாது. மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் அவர். அவருடைய கால் என் மடியில் இருந்தது. செங்குன்றம் சாலையில் லாரி நெரிசல். ரொம்ப நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பாமலே பேசத் தொடங்கினார்.

“இவங்கம்மா கை எப்பவுமே சூடா இருக்கும் மாமு. மார்கழியில கூட. நான் வேல முட்ச்சு வூட்டுக்கு வந்தா வெரல்லாம் வெறச்சுப் போய் கெடக்கும். ஒண்ணியும் கேக்க மாட்டா. ரெண்டு கையயும் எடுத்து அவ கைக்குள்ள வெச்சுக்கினு குந்திக்கினு இருப்பா. சோறு ஆறிப்பூடும்.”

மகள் அவர் பக்கம் திரும்பினாள். “எனுக்கு இத்த யாருமே சொன்னதில்லபா.”

“நான்தான் சொல்லல” என்றார். “கேளு, சொல்றேன்.”

அவள் கேட்டாள். அம்மா எந்த ஊர், எப்படிப் பேசுவாள், தன்னைத் தூக்கி வைத்திருந்தாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எதிர்க்காற்றில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. மகள் இடது காதுப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, நானும் அவளும் இடம் மாறி உட்கார்ந்தோம். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவர் அவளிடம் பேசிக்கொண்டே வந்தார்.